நன்செய்யும் நஞ்சும்

நீர்வளம் உடைய வயலை நன்செய் என்பது நூல்வழக்கு. அச்சொல் உலகவழக்கில் 'நஞ்சை' என மருவி, நிலப்பத்திரங்களிலும் அவ்வாறே எழுதப்பட்டு வருகின்றது. இது வெறும் மரூஉ என்று கொண்டு புலவர் இதுகாறும் அமைந்திருந்தனர். ஆயின், 1960களின் நடுவிற் புதுவகை நெல்லும் அதனோடு புதுவகைத் தெளிப்பும் புகுந்த பின்னர் அவ்வயல்களில் நிகழ்ந்து வருவதை நோக்குங்கால், அச்சொல் இரண்டாம் வேற்றுமையுருபு ஏற்ற 'நஞ்சு' என்னும் பெயராகவே பொருள்படத் தொடங்கிவிட்டது எனல் மிகையாகாது. மலைக்கோட்டையின் உச்சிப்பிள்ளையார் சந்நிதியில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரியும், திருவரங்கமும், அதற்கப்பால் கொள்ளிடமும், தென்னையும் வாழையும் நெல்லும் செறிந்த பசுமையும் தோன்றும். அப்பசுமையிற் கரந்து நிற்பது யாது, அதனால் மடிவன எவை, அம்மடிவின் வினை யாரைச் சாரும் என்பன ஈண்டு ஆராயற்பாலன.

உழவர் இதனை நஞ்சென்று கூறார். 'மருந்து' என்றே கூறுவர். மருந்தடித்தல், மருந்துக்கடை, மருந்துக்கூலி என்பன ஊர்தோறும் வழங்குஞ் சொற்கள். நோய் தீர்ப்பதற்கு உரிய பெயரை உயிர் போக்குவதற்கு இட்டது தகுதிவழக்கின் எவ்வகை என்று இலக்கணம் வல்லார் தேர்ந்து கொள்க. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். அது கேட்பாரை ஏமாற்றுவதன்று, சொல்வார்க்கும் கேட்பார்க்கும் பொருள் தெரியும். 'மருந்து' என்பதோ பொருளையே மறைத்துவிட்டது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் வழி எழுந்த விதிகளின்படி ஒவ்வொரு கலத்தின் மேலும் சாய்சதுர முத்திரை ஒன்று இருத்தல் வேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் கொடுமையின் உச்சம். மஞ்சள், நீலம், பச்சை என முறையே தணிந்து வரும். சிவப்பு முத்திரையில் மண்டையோடும் எலும்பும் பொறித்து நஞ்சென்றும் எழுதப்பட்டிருக்கும். கடை கூறுவது மருந்து. கலம் கூறுவது நஞ்சு. இவ்விரண்டனுள் கலமே மெய் கூறுகின்றது.

இந்நஞ்சுகளுள் ஒரு பெருங்குழு ஆர்கனோபாஸ்பேட் எனப்படுவது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், போரேட் என்பன அக்குழுவில் தமிழ்நாட்டு உழவர் நாவிற் பயின்ற பெயர்கள். இவை உயிரைப் பற்றும் வழி அறியத்தக்கது. ஒரு நரம்பின் நுனியிலிருந்து தசைக்கு ஏவல் செல்லும்போது, அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்து தூது போகின்றது. தூது முடிந்த அளவிலே அதனைச் சிதைத்து அடக்குதற்கு ஒரு நொதி உடம்பில் உண்டு. நஞ்சு அந்நொதியைப் பற்றிச் செயலற்றதாக்கிவிடும். உடனே தூது ஓயாததாகின்றது. கண்மணி சுருங்கும், வாய்நீர் பெருகும், வியர்க்கும், தசைகள் துடிக்கும், நெஞ்சிற் கோழை நிறையும், ஈற்றில் மூச்சை இயக்கும் தசைகள் சோர்ந்து உயிர் நீங்கும். இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. குளோர்பைரிபாஸ் போல்வன, உண்ட உயிரின் ஈரலிலேயே மாற்றம் எய்தி முன்னினும் கொடிய வடிவம் பெறுகின்றன. காக்கவேண்டிய உறுப்பே நஞ்சைத் தீட்டிக் கொடுக்கின்றது.

1936ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கெரார்டு சிராடர் என்னும் வேதியியலார் பூச்சிகளைக் கொல்வதற்குப் பொருள் தேடுங்கால், தாபூன் என்னும் கொடிய பொருளைக் கண்டார். அதனைப் படைத்துறை போர்க்கருவியாக எடுத்துக்கொண்டது. பூச்சிக்கென்று தேடியது மக்களைக் கொல்லவும் அமைந்தமைக்குக் காரணம் யாது? புழுவின் நரம்பிலும் வேந்தன் நரம்பிலும் தூது செல்லும் பொருள் ஒன்றே என்பதாம். உயிர்கள் வினைக்கீடாக வெவ்வேறு உடம்பு எடுப்பன, உயிர்த்தன்மையில் ஒத்தன என்று சித்தாந்தம் கூறியதை ஏற்கத் தயங்குவாரும், உடம்பளவிற் காணப்படும் இவ்வொற்றுமையை மறுத்தற்கு இயலாது.

இந்நஞ்சுண்டார்க்கு மருத்துவர் இடும் மாற்றுப் பொருள்களுள் தலையாயது அத்துரோபின். ஊமத்தை சார்ந்த செடிக்குடும்பத்தினின்று பெறப்படுவது அது; ஊமத்தையிலும் உள்ளது. ஆலமுண்ட பெருமான் ஊமத்தம்பூச் சூடியிருத்தலை இதனோடு இயைத்து மகிழ்வார் உளராவர். மகிழ்ச்சி தகும், அதனைச் சான்றாகக் காட்டி வாதிடுதல் தகாது. அன்றியும், இதனைக் கேட்டு ஊமத்தையை அரைத்துண்ண முற்படுவார் உயிர்க்கு இறுதி தேடுவாராவர். மருத்துவமனையில் அளந்து ஊசியாற் செலுத்தப்படும் பொருள் வேறு, வேலியோரத்துச் செடி வேறு.

இனி, மடிவன எவை என்று காண்க. பறவைகளுக்கு இந்நஞ்சை முறிக்கும் நொதிவலி பாலூட்டிகளை நோக்க மிகக் குறைவு. ஆதலின் மனிதன் தாங்கும் அளவிலும் அவை விழுகின்றன. 1995-96இல் அருசெந்தைன நாட்டு வயல்களில் வெட்டுக்கிளிக்கென்று மோனோகுரோட்டோபாஸ் தெளிக்க, அவ்வெட்டுக்கிளிகளை உண்ண வந்த சுவெயின்சன் பருந்துகள் ஏறக்குறைய 20,000 மடிந்திருக்கும் என்று கணித்தனர். வட அமெரிக்காவிலிருந்து பல்லாயிரம் கல் பறந்து வந்தவை அவை. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில், பரத்பூரை அடுத்த வயல்களில் சாரசக் கொக்குகள் இதே நஞ்சினால் இறந்தன. தமிழ்நாட்டிலோ நஞ்சு தோய்ந்த தவசத்தை உண்டு மயில்கள் குவியலாக இறந்து கிடந்த செய்தி பல மாவட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் வழியில் விராலிமலை முருகன் கோயிலைச் சூழ மயில்கள் உலவுதலைக் கண்டு கைகூப்புவார் பலர். மலையிற் கைகூப்பப் பெறும் மயிலே வரப்பில் இறங்கியபின் பகையாகின்றது. மயில் விதையைக் கொத்துகின்றது என்னும் உழவர் முறையீடு பொய்யன்று. அதற்கு விடை நஞ்சன்று என்பதே கருத்து.

மாடுகளின் துன்பம் இதனினும் அணித்து. குருணையிட்ட வயலின் நீரைப் பருகியும், தெளித்த மறுநாள் வரப்புப்புல்லை மேய்ந்தும், நஞ்சு வைத்திருந்த சாக்கில் தீனி பெற்றும் வாயில் நுரை தள்ளிச் சாய்தலைக் கால்நடை மருத்துவர் நன்கறிவர். நீர் ஓரிடத்தில் நில்லாது; மேல்மடையார் வடித்த நீர் கீழ்மடையார்க்குப் பாய்ச்சலாகும். முக்கொம்பிற் பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்ந்து கல்லணை சேரும் நீர் எத்தனை மடை கண்டது என்று எண்ணிப் பார்க்க. மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் குளோர்பைரிபாஸ் மிகச் சிற்றளவிலேயே கூற்றமாகும். இந்நஞ்சு வெயிலிலும் நீரிலும் சில நாளிலோ சில கிழமையிலோ சிதைந்துவிடும், பழைய டி.டி.டி. போல் ஆண்டுக்கணக்கில் நில்லாது என்று விற்பார் கூறுவர். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஒருநாள் நின்ற கூற்றுவனும் கூற்றுவனே அன்றோ?

சிலந்தியின் செய்தி தனித்துக் கூறத்தக்கது. திருவானைக்காவில் வெண்ணாவலின் கீழ் எழுந்தருளிய இறைவன்மேல் உதிர்ந்த சருகு விழாதபடி ஒரு சிலந்தி தன் வாய்நூலால் மேற்கட்டி அமைத்ததும், யானையொன்று அதனைத் தூய்மையின்மை என்று கருதி அழித்ததும், சிலந்தி துதிக்கையுட் புகுந்து கடிக்க இரண்டும் மாண்டதும், அச்சிலந்தியே கோச்செங்கட்சோழராய்ப் பிறந்ததும் பெரியபுராணம் அறிந்தார்க்குப் புதியன அல்ல. அந்நீர்த்தலத்தைச் சூழ்ந்த வயல்களிலும் சிலந்திகள் உண்டு. அவற்றுள் ஓநாய்ச்சிலந்தி எனப்படுவது வலை பின்னாது, நெற்றூர்களிடையே ஓடிப் பூச்சிகளைப் பிடித்துண்பது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை உண்ணும் என்று நெல்லாராய்ச்சியாளர் எண்ணியுள்ளனர். நெல்லைக் கருக்கும் புகையான் என்னும் தத்துப்பூச்சிக்கு இதுவே பெரும்பகை. உழவன் நஞ்சு தெளிக்கின்றான். சிலந்தி மடிகின்றது. புகையானும் மடிகின்றது, ஆயினும் அதன் முட்டைகள் இலையுறையினுள்ளே இடப்பட்டிருத்தலின் நஞ்சு அவற்றைத் தீண்டாது. சில நாளில் முட்டைகள் பொரிக்கின்றன. உண்பதற்குச் சிலந்தி இல்லை. முன்னிருந்ததினும் பன்மடங்கு புகையான் பெருகி வயல் எரிந்தது போலாகின்றது. உழவன் மீண்டும் கடைக்கு ஓடுகின்றான். இந்தோனேசிய நாட்டார் இவ்வுண்மையைப் பெரும்பொருள் இழந்து கற்றனர். அவ்வரசு 1986ஆம் ஆண்டில், நெல்லுக்கு இடப்பட்ட 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடுத்து, பின்னர் அவற்றுக்கு அளித்துவந்த உதவித்தொகையையும் நீக்கியது. நெல் விளைவு அதனாற் குன்றவில்லை. யானை செய்த பிழையும் ஈதே என்க. சிலந்தி வலை குப்பை என்று எண்ணிற்றேயன்றி அது காவல் என்று அறிந்திலது.

இங்கே ஒரு தடை எழும். "உயிர்கள் இறப்பது அவ்வவற்றின் பிராரத்தத்தால், மயிலும் மாடும் சிலந்தியும் தத்தம் ஊழ் முடிந்தமையால் இறந்தன, தெளித்தவன் கருவி மாத்திரையே, அவனுக்கு வினை யாது?" எனின், கூறுதும். இறந்த உயிர் நுகர்ந்தது அதன் பழவினை. கொன்றவன் ஈட்டியது அவனது ஆகாமியம். ஒன்று மற்றொன்றை ஒழிக்கமாட்டாது. இத்தடை நிற்குமாயின் கள்வனும் கொலைஞனும் வினையற்றவராய் முடிவர். அறநூலும் அரசமுறையும் வேண்டாவாம். பிறர் ஊழைத் தன் கைக்கு அரணாகக் காட்டுவது சித்தாந்தம் ஆகாது, சோம்பலாம்.

"உழவன் கருதியது பயிரைக் காத்தல், மயிலைக் கொல்லுதல் அவன் கருத்தன்று, வினை கருத்தைப் பற்றியதன்றோ?" என்பது அடுத்த தடை. இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஏர் உழுங்கால் புழு மடிகின்றது. அது பற்றி உழவைத் தீது என்று சைவநூலார் தள்ளியதில்லை. மருத்துவன் வாளால் அறுப்பது கொலையாகாமையும் கருத்து நோக்கியே. ஆயினும் கருத்தென்பது அறிவோடு கூடியது. அறியாது செய்தல் ஒன்று. அறிந்து செய்தல் ஒன்று. அறிதற்கு வாயில் திறந்திருப்பவும் அறியாதிருத்தல் மற்றொன்று. மண்டையோடு கலத்தின் மேலேயே வரையப்பட்டிருக்க, 'தெரியாது' என்னும் விடை மூன்றாவதனுள் அடங்கும். குறிவைத்தது புழு, வீழ்ந்தது பசு என்பது முதன்முறைக்குப் பொருந்தும். பத்தாம் முறைக்கும் அதுவே கூறுவான், பசுவையும் கருதியே எய்தான் என்று கொள்ளப்படுவான்.

அற்றேல் முழுவினையும் உழவன் தலைமேல் ஏற்றலாமோ எனின், அதுவும் முறையன்று. தெளிப்பவன் பெரும்பாலும் கூலியாள். திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் முழுமெய்க் கவசமும் முகமூடியும் அணிந்து தெளிப்பானைச் சுமந்து நடவென்பது ஏட்டில் எழுதத் தகும், வரப்பில் நடவாது. நஞ்சு வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியும் மூச்சுவழியும் புகும். 2017ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலத்து யவத்துமால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தார் இருபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர். அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக்காடுகளிலும் தெளித்தார் சிலர் மாண்டனர். 2013ஆம் ஆண்டில் பீகார் மாநிலத்துச் சாரன் மாவட்டப் பள்ளியொன்றில் நண்பகலுணவிற் கலந்த மோனோகுரோட்டோபாசால் 23 குழந்தைகள் இறந்தமை யாவர்க்கும் நினைவிருக்கும். அக்குழந்தைகள் வயலையும் கண்டாரல்லர், புழுவையும் கண்டாரல்லர்.

பாற்கடல் கடைந்த கதையை ஈண்டு நினைப்பார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். அமுதம் வேண்டிக் கடைந்தார் தேவர். எழுந்த ஆலத்தைக் கண்டு ஓடினார். உண்டவன், அமுதத்தில் ஒரு துளியும் வேண்டாத பெருமான். உண்டதை வெளியே உமிழவுமில்லை, மிடற்றில் நிறுத்தினான். இந்நாளில் அமுதம் பெறுவார் நகரத்தார். மாசில்லாத வாழைப்பழமும் புள்ளியில்லாத கத்தரிக்காயும் அவர் கூடைக்கு வருகின்றன. ஆலம் உண்பார் கூலியாளும் மாடும் மயிலும் மீனும். ஆனால் அவர் தாமாக உண்டாரல்லர், ஊட்டப்பட்டார்.

வாங்குவோனுக்கு வினையுண்டோ என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. திருவள்ளுவர் புலால் மறுத்தலைக் கூறுங்கால் வாங்குவோனையும் வினையிற் சேர்த்தே எண்ணினார். மலைக்கோட்டைத் தலவரலாறும் இதற்கு நேரான வழக்கொன்றைத் தருகின்றது. சாரமாமுனிவர் இறைவனுக்கென நந்தவனம் அமைத்துச் செவ்வந்தி வளர்த்தார். ஒருவன் அம்மலர்களைக் களவாற் பறித்து, உறையூர் அரசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அரசன் மகிழ்ந்து ஏற்றான், நாள்தோறும் பெற்றான். முனிவர் சென்று முறையிட்டும் கேளாதிருந்தான். கிழக்கு நோக்கியிருந்த பெருமான் உறையூரை நோக்கி மேற்கே திரும்ப, மண்மாரி பெய்து அந்நகர் அழிந்தது. இன்றும் தாயுமானவர் சந்நிதி மேற்கு நோக்கியே உள்ளது. கொடிமரம் பின்புறத்தே நிற்கின்றது. பூசைக்காலத்து வாத்தியமும் சந்நிதிக்குப் பின்னேதான் முழங்குகின்றது. அரசன் பூப்பறித்தவனல்லன். எங்கிருந்து வந்தது என்று வினவாதவன்; வினவவேண்டும் என்று ஒருவர் வாயிலில் வந்து நின்றபின்னும் வினவாதவன். அவன் குற்றம் அவ்வளவே.

இது பூவைப் பற்றிய கதையாதலின் பூவைப் பற்றியே மேலும் கூறலாம். திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களில் மல்லிகை விளைகின்றது. மல்லிகையின் பகை மொட்டுப்புழு. அதற்குப் பன்னெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டு வந்தது மோனோகுரோட்டோபாஸ். 2005ஆம் ஆண்டிலேயே காய்கறிகளுக்கு அதனை இடலாகாது என்று விலக்கினர். பூ உண்ணும் பொருளன்று ஆதலின் அவ்விலக்கினுள் அடங்கவில்லை. ஆயின் பூப்பறிப்பார் விரல், தொடுப்பார் விரல், சூடுவார் கூந்தல், அணிவிக்கும் அருச்சகர் கை, ஈற்றில் நிருமாலியத்தை மேயும் பசுவின் வாய் என்று அது செல்லும் வழி நெடிது. வண்டு தீண்டாத பூ வழிபாட்டிற்கு உயர்ந்தது என்று விடியுமுன் பறித்தல் பழைய முறை. வண்டினமே இல்லாதபடி செய்து பெற்ற பூவும் வண்டு தீண்டாததே என்று அமைதி கொள்ள இயலுமோ? பூவின்மேற் படிந்த நஞ்சு கல்லுருவை என் செய்யும் என்பார்க்கு விடை எளிது. பூசையில் ஏற்கப்படுவது பூவின் நிறமன்று, அது வந்த வழியும் கூடவே ஏற்கப்படுகின்றது. இல்லையேல் செவ்வந்திக்கதைக்குப் பொருளில்லை.

"நஞ்சின்றேல் பஞ்சம்" என்னும் அச்சமே எல்லாத் தடையினும் வலியது. பசித்தவனிடம் மயிலைப் பற்றிப் பேசுதல் கொடுமை. ஆயினும் அச்சம் எவ்வளவு மெய்யென்று பார்க்கவேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டிற்குள் மோனோகுரோட்டோபாசும் அதனொத்த கொடியனவும் விலக்கப்பட்டன. நஞ்சுண்டு உயிர் மாய்த்துக் கொள்வோர் தொகை அதன்பின் பெரிதும் தாழ்ந்தது. நெல்விளைவு அதனால் தாழவில்லை என்று ஆய்ந்தவர் காட்டியுள்ளனர். நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டின் ஆணையால் மீத்தைல் பாரத்தியான், டயசினான் முதலியன உடனேயும், போரேட், பாஸ்பமிடான், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் முதலியன 2020ஆம் ஆண்டின் முடிவோடும் விலக்கப்பட்டன. தமிழ்நாட்டரசு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறுவகைக்கு அறுபது நாள் தடை இட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நடுவணரசு மோனோகுரோட்டோபாசின் பெருவழக்கான கரைசலை விலக்கியது. குளோர்பைரிபாஸ் 2025ஆம் ஆண்டில் உலகநாடுகளின் இசுடாக்கோம் உடன்படிக்கையில் ஒழிக்கவேண்டியவற்றுள் வைக்கப்பட்டது. சில பயிர்களுக்கு விதிவிலக்கும் உடன் வைக்கப்பட்டது. சட்டம் இவ்வாறு மெல்ல நடக்கின்றது. விதிவிலக்கு வழியாக நஞ்சு விரைந்து நடப்பது வேறு செய்தி.

மாற்றுவழி இல்லாமலும் இல்லை. திருச்சிராப்பள்ளியிலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உள்ளது. வாழையைத் துளைக்கும் கூன்வண்டுக்கு, அறுவடையான வாழைத்தண்டை நீளவாக்கிற் பிளந்து, பிளந்த முகத்தில் பூவேரியா என்னும் பூஞ்சையைத் தடவித் தோப்பில் ஆங்காங்கு வைத்தால், வாடைக்கு வந்த வண்டுகள் நோயுற்று மடிகின்றன. பசுவுக்கும் பறவைக்கும் அதனால் தீங்கில்லை. இதுவும் கொலையே அன்றோ எனின், ஆம், கொலையே. ஆனால் குறித்ததோடு நிற்பது. நெல்லில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுதல், தழைச்சத்தை மிகையாக இடாமை, புகையான் கண்ட வயலில் நீரை வடித்தல், வேப்பங்கொட்டைச் சாறு என்பன உழவர்க்குத் தெரியாதன அல்ல. கைக்கூலி மிகுதி, விளைவிற் சிறிது புள்ளியும் வடுவும் இருக்கும், சந்தையில் விலை குறையும். அக்குறைவை இப்போது உழவன் ஒருவனே தாங்குகின்றான். அதனை வாங்குவோன் தாங்க உடன்படுவானாயின் பாதி வழக்குத் தீரும்.

திருக்கோயில்களுக்குப் பூவும் வாழையும் நாள்தோறும் பெருந்தொகையாக வாங்கப்படுகின்றன. தருபவனை நோக்கி, எது தெளிக்கப்பட்டது, தெளித்து எத்தனை நாள் கழிந்து பறிக்கப்பட்டது என்று இரண்டு வினா வினவுதற்கு ஆகமமும் தடையில்லை, அரசாணையும் வேண்டா. சிறு நந்தவனமேனும் உடைய கோயில்கள் மூலவர்க்குச் சாத்தும் பூவையாவது அங்கேயே நஞ்சின்றி விளைத்துக் கொள்ளலாம். மிகுதிக்கு, புழுக்கடித்த மொட்டு நூற்றுக்குப் பத்து இருப்பினும் முழுவிலை உண்டு என்று பூ விளைப்பாரோடு ஓராண்டிற்கு ஒப்பந்தம் எழுதிக் கொள்ளலாம். அவ்வெழுத்து அவர் கையில் இருந்தாலன்றி, தெளிப்பானை அவர் கீழே வைக்கமாட்டார்.